ஏழு கோப்பைகள், அவற்றில் ஒன்று மட்டுமே சென்னையில்: நம் ஊர் அணிகளின் ஏற்ற இறக்கம் குறித்து ஒரு கேள்வி

கேள்வி: திருவல்லிக்கேணி வாசி

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வீடு பெல்ஸ் சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. சேப்பாக்கத்தில் ஆட்டம் நடக்கும் இரவுகளில் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். நேரலை சில விநாடிகள் தாமதமாகத்தான் வந்து சேரும், அதற்குள் மைதானத்தின் இரைச்சல் சன்னல் வழியே வந்து நடந்ததைச் சொல்லிவிடும். சிக்சருக்கு ஒரு சத்தம், எதிரணியின் விக்கெட்டுக்கு வேறொரு சத்தம், நம் விக்கெட் விழுந்தால் சட்டென்று ஓர் அமைதி என்று 2008 முதல் காது பழகியிருந்தது. கடந்த சில பருவங்களாக அந்தப் பழக்கம் என்னை ஏமாற்றுகிறது. பெருஞ்சத்தம் கேட்டுப் பந்து எல்லையைத் தாண்டிவிட்டது என்று எண்ணித் திரையைப் பார்த்தால், நம் ஆட்டக்காரர் ஒருவர் தலை குனிந்து வெளியேறிக்கொண்டிருக்கிறார். அடுத்து தோனி இறங்கப் போகிறார் என்பதற்காக எழுந்த ஆரவாரம் அது.

2025ஆம் ஆண்டுப் பருவம் முடிந்தபோது சென்னை சூப்பர் கிங்ஸ் 14 ஆட்டங்களில் 4 வெற்றிகளுடன் பத்தாம் இடத்தில், அதாவது பட்டியலின் கடைசியில், தன் வரலாற்றில் முதன்முறையாக நின்றது. தோல்வியைவிட அது நேர்ந்த இடம்தான் எனக்கு உறைத்தது. சேப்பாக்கத்தில் மும்பையை வென்று தொடங்கிய அணி, அதன்பின் அதே மைதானத்தில் பெங்களூரு, டெல்லி, கொல்கத்தா, ஐதராபாத், பஞ்சாப் என்று வரிசையாக ஐந்து அணிகளிடம் தோற்றது. பெங்களூரு அணி அங்கே அதற்கு முன் வென்றது 2008இல். ஐதராபாத் அணி அதுவரை அங்கே வென்றதே இல்லை. கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவர்களில் நாம் எடுத்தது 103. அந்த ஆண்டில் கிடைத்த மற்ற மூன்று வெற்றிகளும் லக்னோ, கொல்கத்தா, அகமதாபாத் ஆகிய வெளியூர்களில் கிடைத்தவை.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோது பழைய கணக்கு ஒன்று கண்ணில் பட்டது. சூப்பர் கிங்ஸின் ஐந்து ஐபிஎல் கோப்பைகளில் 2010உம் 2018உம் மும்பையில், 2021 துபாயில், 2023 அகமதாபாதில் வெல்லப்பட்டவை. 2011 ஒன்றுதான் சேப்பாக்கத்தில் கைக்கு வந்தது. கால்பந்தில் சென்னையின் எஃப்சி வென்ற இரண்டு ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பைகளில் முதலாவது கோவாவில், அடுத்தது பெங்களூருவில். ஆக, ஏழு கோப்பைகளில் ஒன்றுதான் இந்த ஊரில் வெல்லப்பட்டது. சூப்பர் கிங்ஸின் சாம்பியன்ஸ் லீக் டி20 கோப்பைகள் இரண்டையும் சேர்த்தால் கணக்கு இன்னும் மோசமாகும், ஏனெனில் அவை ஜோகன்னஸ்பர்கிலும் பெங்களூருவிலும் கிடைத்தவை.

இது வெறும் தற்செயலா, அல்லது நம் அணிகளுக்கும் நம் ஊருக்கும் இடையில் உள்ள உறவைப் பற்றி ஏதேனும் சொல்கிறதா? உயரும்போது வெளியூரிலும் சரியும்போது உள்ளூரிலும் இருக்கும் ஓர் அணியை நீங்கள் எப்படிப் பின்பற்றி வருகிறீர்கள்? கிரிக்கெட்டுக்கு அப்பாலும் ஊர் அணிகளைப் பார்ப்பவர்கள் விரிவாக எழுதினால் மகிழ்வேன்.

மறுமொழி 1: பழைய டி ஸ்டாண்ட்

நண்பருக்கு வணக்கம். உங்கள் கணக்கு சரி, ஆனால் அதிலிருந்து மர்மம் எதையும் எடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. சூப்பர் கிங்ஸ் இதுவரை ஆடிய பத்து ஐபிஎல் இறுதிப் போட்டிகளில் இரண்டுதான் சேப்பாக்கத்தில் நடந்தவை. முந்தைய ஆண்டு வென்ற அணியின் ஊரில் இறுதிப் போட்டியை நடத்துவது பொதுவான வழக்கமாக இருந்ததால், 2010இல் வென்றதற்கு 2011 இறுதியும், 2011இல் வென்றதற்கு 2012 இறுதியும் நமக்குக் கிடைத்தன. முதலாவதில் முரளி விஜய் 52 பந்துகளில் 95 அடித்தார். அஷ்வின் முதல் ஓவரிலேயே கெய்லைச் சுழியத்தில் வெளியேற்றினார். அந்த நான்காவது பந்துக்குப் பிறகு நான் இருக்கையில் உட்கார்ந்ததாக நினைவில்லை. இரண்டாவதில் 190 எடுத்தும், மன்விந்தர் பிஸ்லா என்ற, அதற்கு முன்னும் பின்னும் நாம் அதிகம் கேள்விப்படாத ஒருவர் 89 அடித்து நம் வாயை அடைத்துவிட்டுப் போனார். அன்று வாலாஜா சாலையில் நடந்து வந்தபோது ஆயிரக்கணக்கானோர் சூழ்ந்திருந்தும் செருப்புச் சத்தம் மட்டுமே கேட்டது.

கிடைத்திருக்க வேண்டிய மூன்றாவது வாய்ப்பு 2019. 2018இல் கோப்பையை வென்றதால் இறுதி சென்னைக்கே வந்திருக்க வேண்டும். மாநகராட்சி அனுமதிச் சிக்கலால் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த ஐ, ஜே, கே ஆகிய மூன்று கேலரிகளையும் திறக்க ஒப்புதல் கிடைக்காததால் போட்டி ஐதராபாதுக்குப் போனது. முழங்காலில் ரத்தம் வழிய வாட்சன் 80 அடித்தும், மலிங்காவின் கடைசிப் பந்தில் ஒரே ஒரு ரன்னில் தோற்றோம். அந்த இறுதி சேப்பாக்கத்தில் நடந்திருந்தால் வென்றிருப்போம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். அதே ஆண்டில், அதே மும்பை, அதே சேப்பாக்கத்தில் நடந்த முதல் தகுதிச் சுற்றில் நம்மை ஆறு விக்கெட்டில் வென்றது என்பதை மறக்க முடியவில்லை.

நான்காவது இன்னும் கசப்பானது. 2024 இறுதிப் போட்டி சேப்பாக்கத்தில்தான் நடந்தது. அதற்கு எட்டு நாள்கள் முன்பு பெங்களூருவில் நடந்த கடைசி லீக் ஆட்டத்தில் நாம் வெல்லக்கூட வேண்டியதில்லை. 219 என்ற இலக்கை நோக்கி 201 எடுத்தாலே அடுத்த சுற்றுக்குப் போயிருக்கலாம். கடைசி ஓவரில் அதற்கு 17 தேவைப்பட்டது, முதல் பந்தைத் தோனி மைதானத்துக்கு வெளியே அடித்தார், அடுத்த பந்தில் ஆட்டமிழந்தார், 191இல் முடிந்தது. அந்தப் பத்து ரன்கள் இல்லாததால் நம் ஊரின் இறுதிப் போட்டியில் கொல்கத்தாவும் ஐதராபாதும் ஆடின. என்னிடம் முன்பே வாங்கிய நுழைவுச்சீட்டு இருந்தது. போனேன். ஐதராபாத் 113க்குச் சுருண்டது. மஞ்சள் சட்டை அணிந்து வந்த என்னைப் போன்றவர்கள் யாருக்குக் கை தட்டுவது என்று தெரியாமல் இருந்தோம்.

இனி உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். சேப்பாக்கம் நமக்குக் கோட்டையாக இருந்தது மந்திரத்தால் அல்ல. அணியும் ஆடுகளமும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி கட்டப்பட்டிருந்ததால். பந்து நின்று வரும் களிமண் ஆடுகளம், அதற்கேற்ற மூன்று சுழற்பந்து வீச்சாளர்கள், 150 எடுத்தாலும் அதைக் காப்பாற்றும் கட்டுப்பாடு, அவசரப்படாத மட்டையாளர்கள். 2019 தொடக்க ஆட்டத்தில் பெங்களூருவை 70 ரன்னில் சுருட்டியது இந்த முறையின் உச்சம். அந்த 70ஐ எடுக்க நமக்கும் 17.4 ஓவர் பிடித்தது என்பது அதே முறையின் மறுபக்கம். ஆட்டத்தின் நடுவே ஒருவரை மாற்றிக்கொள்ள விடும் இம்பாக்ட் வீரர் விதி வந்த 2023க்குப் பிறகு எந்த அணியும் எட்டாவது மட்டையாளரை வைத்துக்கொண்டு முதல் பந்திலிருந்தே அடிக்கத் துணிகிறது. ஆடுகளங்களும் மாறின. 2025இல் பெங்களூருவிடம் தோற்ற பிறகு பயிற்சியாளர் ஃபிளெமிங், சேப்பாக்கத்தில் தங்களுக்கு உள்ளூர்ச் சாதகம் என்று எதுவும் இல்லை, ஆடுகளத்தைக் கணிக்க முடியவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். கோட்டைச் சாவி தொலைந்துவிட்டதைக் காவல்காரரே ஒப்புக்கொண்டது போல் இருந்தது.

இதில் எனக்கு ஒரு தனிப்பட்ட கருத்து உண்டு. பலர் ஏற்க மாட்டார்கள். 2021 கோப்பைதான் நம்மைக் கெடுத்தது. 2020இல் முதன்முறையாகப் பிளே ஆஃப் வாய்ப்பை இழந்து ஏழாம் இடத்தில் முடித்தபோது, வயதான அணி, மெதுவான அணி என்று எல்லோரும் சொன்னார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் அடுத்த ஆண்டே ஏறக்குறைய அதே வீரர்களை வைத்துக் கோப்பையை வென்றுவிட்டோம். பொறுமையாக இருந்தால் எல்லாம் தானாகச் சரியாகும் என்ற நம்பிக்கை அதோடு உறுதிப்பட்டுவிட்டது. 2022இல் ஜடேஜாவைத் தலைவராக்கி எட்டு ஆட்டங்களில் பின்வாங்கியதும், ஒன்பதாம் இடத்தில் முடித்ததும் மீண்டும் ஓர் எச்சரிக்கை; 2023இல் மோகித் சர்மாவின் கடைசி இரண்டு பந்துகளில் அதே ஜடேஜா ஒரு சிக்சரும் ஒரு பவுண்டரியும் அடித்து அந்த எச்சரிக்கையையும் அழித்தார். அந்த விடியற்காலையில் நான் அழுதேன், மறுக்கவில்லை. ஆனாலும் 2025இல் நடந்தது அந்த இரண்டு கோப்பைகளுக்காக நாம் தள்ளிப்போட்ட கடன் என்றே எனக்குத் தோன்றுகிறது. பருவம் கைவிட்டுப் போன பிறகு, காயமடைந்தவர்களுக்கு மாற்றாக வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரேயும் பிரெவிஸும் ஆடிய விதத்தைப் பார்த்தபோது, இதை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கலாமே என்ற வருத்தம்தான் மிஞ்சியது.

மற்றபடி, நம் விக்கெட் விழும்போது கை தட்டும் பழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. 1999இல் பாகிஸ்தான் 12 ரன்னில் டெஸ்டை வென்றபோது எழுந்து நின்று மரியாதை செலுத்திய கேலரி இது. அன்று டெண்டுல்கர் 136 அடித்தும் தோற்றோம்; அழுதுகொண்டே கை தட்டினோம். அந்தக் கைதட்டலில் ஆட்டத்தைப் பற்றிய ஓர் அறிவு இருந்தது.

மறுமொழி 2: பெரியமேடு கிழக்கு வாசல்

மேலே எழுதிய பெரியவரின் அனுபவத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் பத்து இறுதிப் போட்டிகளைக் கண்ட ஓர் அணி ஒருமுறை கடைசி இடத்துக்கு வந்ததை இறக்கம் என்று நீங்கள் இருவரும் பேசுவதைப் படித்தபோது, நேரு விளையாட்டரங்கில் அமர்ந்து கால்பந்து பார்த்துப் பழகிய எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்குக் கடைசி இடம் என்பது பதினேழு ஆண்டு காத்திருந்து வரும் விருந்தாளி அல்ல, அடுத்த தெருவில் குடியிருப்பவர்.

சென்னையின் எஃப்சி 2014இல் தொடங்கிய முதல் பருவத்திலேயே லீக் பட்டியலில் முதலிடம் பிடித்தது. மட்டராஸி வீரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். எலானோவின் ஃப்ரீ கிக்கைப் பார்ப்பதற்கென்றே ஆள்கள் வந்தார்கள். அரையிறுதியில் கேரளாவிடம் கூடுதல் நேரத்தில் வெளியேறினோம். அடுத்த ஆண்டின் நடுப்பகுதியில் பட்டியலின் அடியில் கிடந்தோம். அங்கிருந்து கடைசி லீக் ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று அரையிறுதிக்கு வந்து சேர்ந்த நேரத்தில்தான் 2015 டிசம்பர் வெள்ளம் வந்தது. கொல்கத்தாவுடனான உள்ளூர் அரையிறுதி புனேக்கு மாற்றப்பட்டது. ஊரில் மின்சாரம் இல்லாத வீடுகள் இன்னும் இருந்தன. நாங்கள் நான்கு பேர் ஒரு கைப்பேசியில் மின்கலம் தீரும்வரை அந்த 3-0 வெற்றியைப் பார்த்தோம். கோவாவில் நடந்த இறுதியில் 87ஆம் நிமிடத்தில் 1-2 என்று பின்தங்கினோம். 90ஆம் நிமிடத்தில் எதிரணியின் கோல் காவலர் கட்டிமணியின் மீது பட்டுப் பந்து உள்ளே போனது. இரண்டு நிமிடங்களில் மெண்டோசா மூன்றாவது கோலைப் போட்டார். கேள்வி கேட்ட நண்பர் சொல்லும் "வெளியூர்க் கோப்பை" இதுதான். வெளியூரில் நடந்ததால் அது எங்களுடையது இல்லை என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அந்த மாதம் ஊரே ஊரில் இல்லை.

அடுத்த பருவத்தில் ஏழாம் இடம். 2018 மார்ச்சில் ஜான் கிரெகரியின் கீழ் பெங்களூரு அணியை அவர்களின் சொந்தக் கண்டீரவா அரங்கத்திலேயே 3-2 என்று வென்று இரண்டாம் கோப்பை. சேத்ரி ஒன்பதாம் நிமிடத்தில் கோல் அடித்தபோது முடிந்தது என்றே நினைத்தோம். மைல்சன் ஆல்வெஸ் இரண்டு கார்னர்களைத் தலையால் முட்டிக் கணக்கைத் திருப்பினார். சரி, இனி நிலைத்துவிட்டோம் என்று நம்பிப் பருவச் சீட்டு வாங்கினேன். 2018-19இல் 18 ஆட்டங்களில் வெற்றி இரண்டு, சமன் மூன்று, தோல்வி பதின்மூன்று. ஒன்பது புள்ளிகளுடன் பத்து அணிகளில் பத்தாம் இடம். நடப்புச் சாம்பியன் அப்படிச் சரிந்ததைப் பார்க்கப் பணம் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். அதற்கு அடுத்த பருவத்தில் ஓவன் கோயில் என்ற பயிற்சியாளர் பாதியில் வந்து, அடியில் கிடந்த அணியைத் தூக்கி இறுதிவரை கொண்டுபோனார். 2020 மார்ச் 14 அன்று, கொரோனாவால் ஒரு பார்வையாளரும் இல்லாத கோவா அரங்கில், கொல்கத்தாவிடம் 1-3 என்று தோற்றோம். பின்பு இரண்டு பருவங்கள் முழுவதும் கோவாவின் தனிமை வளையத்துக்குள் நடந்தன. சென்னையின் எஃப்சி என்ற பெயரில் ஓர் அணி இருந்தது, சென்னையில் இல்லை. எட்டாம் இடம், மீண்டும் எட்டாம் இடம், மீண்டும் எட்டாம் இடம், ஒருமுறை ஆறு, பிறகு 2024-25இல் பதினொன்று.

இந்த ஊசலாட்டத்துக்கான காரணம் எளிதானது. கிரிக்கெட்டில் ஓர் அணி தன் மையத்தை ஏலத்துக்கு முன்பே தக்கவைத்துக்கொள்ள வழி உண்டு. இங்கே அணியின் முதுகெலும்பாக இருக்கும் வெளிநாட்டு வீரர்கள் பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தத்தில் வருகிறார்கள்; பருவம் முடிந்ததும் பாதி முதுகெலும்பு விமானம் ஏறிவிடும். நல்ல உள்நாட்டு வீரர் வளர்ந்தால் பணம் அதிகமுள்ள கழகம் அழைத்துக்கொள்ளும்; அனிருத் தாபா கொல்கத்தாவுக்குப் போனது போல. எனவே ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஓர் அணியைப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஊர் அணி என்றால் என்ன என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள ஒரே பதில், 2018 இறுதியில் நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷ். வியாசர்பாடிப் பையன். கால்பந்தை மூச்சாக வைத்திருக்கும் அந்தத் தெருக்களிலிருந்து ஒருவர் கோப்பையைத் தூக்கியதை நாங்கள் பார்த்துவிட்டோம். சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் புளூஸ் ஆகிய ரசிகர் குழுக்கள் முரசோடு வந்து நிற்பது தொலைக்காட்சியில் தெரியும். ஓடுதளத்துக்கு அப்பால் எங்கோ தொலைவில் நடக்கும் ஆட்டத்துக்கு அவர்கள் தொண்ணூறு நிமிடமும் உட்காராமல் பாடுவது தெரியாது. 2025இல் லீக்கின் வணிக உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போய், வழக்கமான செப்டம்பரில் பருவமே தொடங்கவில்லை. கடைசி இடம்கூடப் பரவாயில்லை, பட்டியல் என்று ஒன்று இருந்தால் போதும் என்று நினைத்த மாதங்கள் அவை.

மறுமொழி 3: கோவைக்காரன்

சுருக்கமாக ஒன்றைச் சேர்க்கிறேன். சென்னையின் எஃப்சி கடைசி இடத்தில் முடித்த அதே 2018-19 பருவத்தில், சென்னை சிட்டி என்ற கால்பந்துக் கழகம், நாட்டின் இன்னொரு கால்பந்து லீக்கான ஐ-லீக்கில் சாம்பியன் ஆனது. உங்கள் ஏழுடன் இதை எட்டாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் இதுவும் சென்னையில் வெல்லப்படவில்லை. அந்தக் கழகத்தின் உள்ளூர் மைதானம் எங்கள் கோவை நேரு விளையாட்டரங்கம். 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்றபோது நான் அங்கே இருந்தேன். பெட்ரோ மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல்கள் அடித்தார். அரங்கம் நிறைய எங்கள் ஊர்க்காரர்கள், சட்டையில் வேறோர் ஊரின் பெயர். அதைப் பற்றி அன்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சில ஆண்டுகளிலேயே அந்தக் கழகம் அந்த லீக்கிலிருந்து இல்லாமற்போனது. உங்களுக்குக் கடைசி இடம் என்ற துயரமாவது இருக்கிறது. எங்களுக்கு வெறும் கேலரி இருக்கிறது.

மறுமொழி 4: தஞ்சைக் கபடி

மதிப்பிற்குரிய நண்பர்களே, கோப்பைகளை எண்ணும் இந்த உரையாடலில் தமிழ் தலைவாஸ் பெயர் வராதது நியாயம்தான், எண்ணுவதற்கு எதுவும் இல்லை. இருந்தாலும் திருவல்லிக்கேணி நண்பரின் ஐயத்துக்கு எங்கள் அணியைவிடப் பொருத்தமான சான்று இருக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

2017இல் புரோ கபடி லீக்கில் சேர்ந்தபோது, கபடி பிறந்த மண்ணின் பெயரைத் தாங்கிய அணி என்று பெருமைப்பட்டோம். பிரிவில் கடைசி இடம். 2018 பருவம் சென்னையில் தொடங்கியது; மூன்று முறை சாம்பியனான பாட்னாவை முதல் ஆட்டத்திலேயே 42-26 என்று வீழ்த்தினோம். தஞ்சையிலிருந்து இரவுப் பேருந்தில் வந்திருந்த நாங்கள் இந்த ஆண்டு நமக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டுத் திரும்பினோம். மீண்டும் பிரிவில் கடைசி. 2019இல் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சித் சில்லர் என்று மூன்று பெரும் பெயர்களை ஒரே அணியில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாம் இடம். கபடி தெரிந்த எவரும் அப்போதே சொல்லியிருப்பார்கள்: ரைடு போகப் பெயர் போதும், ஆனால் பிடிப்பதற்குக் கை கோத்து நிற்கும் தடுப்பாளர்களின் சங்கிலி வேண்டும். இரு மூலையும் இரு கவரும் ஒரே மூச்சில் அசைய மாதக்கணக்கில் சேர்ந்து பயிற்சி எடுத்திருக்க வேண்டும். அதை ஏலத்தில் வாங்க முடியாது.

2022இல், ஒன்பதாம் பருவத்தில், இதற்கு நேர்மாறாக நடந்தது. 2.26 கோடி ரூபாய் கொடுத்து, அன்றைய தேதிக்கு லீக்கின் மிக அதிக விலையில் வாங்கிய பவன் செஹ்ராவத் முதல் ஆட்டத்திலேயே காயமடைந்து பருவம் முழுவதும் வெளியேறினார். தலையில் கை வைத்தோம். ஆனால் பயிற்சியாளர் ஆஷன் குமாரின் கீழ், நரேந்தர் என்ற இளைஞர் 243 ரைடு புள்ளிகள் எடுத்தார், வலது மூலையில் நின்ற சாகர் தலைமையில் இளம் தடுப்பு வீரர்கள் சேர்ந்து ஆடக் கற்றுக்கொண்டார்கள், உ.பி. அணியைச் சமன்முறிப்பில் வென்று அரையிறுதிக்குப் போனோம். புனேயிடம் 37-39 என்று இரண்டே புள்ளிகளில் தோற்றோம். எங்கள் வரலாற்றில் அதுவே சிறந்த பருவம்.

இனிக் கேளுங்கள். அந்தப் பருவத்தின் லீக் ஆட்டங்கள் பெங்களூரு, புனே, ஐதராபாத் ஆகிய மூன்று ஊர்களில் நடந்தன, இறுதிச் சுற்றுகள் மும்பையில். சென்னையில் ஓர் ஆட்டம்கூட இல்லை. நாங்கள் நேரில் பார்த்தவை பெரும்பாலும் தோல்விகள், தொலைவில் இருந்து பார்த்தது அந்த ஒரு எழுச்சி. அடுத்த ஆண்டு லீக் சென்னைக்குத் திரும்பியது, அணி ஒன்பதாம் இடத்துக்குத் திரும்பியது.

உள்ளூர் வீரர் பற்றிய பேச்சு வந்ததால் இன்னொன்று. எங்கள் மாவட்டத்துக்காரரான தர்மராஜ் சேரலாதன் 2016இல் கோப்பையைத் தூக்கினார், பாட்னாவின் தலைவராக. கிரிக்கெட் நண்பர்களும் இதை அறிவார்கள்: சூப்பர் கிங்ஸ் கடைசி இடத்தில் முடித்த 2025இல் 759 ரன்களுடன் ஆரஞ்சு தொப்பியை வென்றவர் சென்னைப் பையன் சாய் சுதர்சன், குஜராத்துக்காக. 2023 இறுதியில் நமக்கு எதிராக 96 அடித்தவரும் அவரே. சாய் கிஷோர் இரண்டு பருவங்கள் மஞ்சள் சட்டையுடன் உட்கார்ந்திருந்தும் ஓர் ஆட்டமும் கிடைக்காமல் போய், இப்போது அதே குஜராத்தின் சுழற்பந்து வீச்சாளர். கொல்கத்தாவின் வருண் சக்கரவர்த்தி சேப்பாக்கத்தில் வலைப்பயிற்சிக்குப் பந்து வீசியவர். கோட்டைச் சாவி தொலைந்தது என்று பெரியவர் எழுதியிருந்தார். அது தொலையவில்லை ஐயா, வெளியூர்க்காரர்களிடம் கொடுத்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி கேட்டவரின் பதில்: திருவல்லிக்கேணி வாசி

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. பெரியவரின் விளக்கத்துக்குப் பிறகு இறுதிப் போட்டிக் கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் தஞ்சை நண்பர் எழுதியதைப் படித்தபின் அதை முழுதாக விட்டுவிடவும் மனம் வரவில்லை. மைதானம் நம்மிடமிருந்து எத்தனை முறை எடுத்துச் செல்லப்பட்டிருக்கிறது என்று எழுதிப் பார்த்தேன். 2013இல் இலங்கை வீரர்கள் தமிழ்நாட்டில் ஆடக்கூடாது என்ற மாநில அரசின் நிலைப்பாட்டால் பிளே ஆஃப் ஆட்டங்கள் டெல்லிக்குப் போயின. 2016, 2017இல் சூதாட்ட வழக்கின் தடையால் அணியே இல்லை. 2018இல் காவிரிப் போராட்டம். இரண்டு ஆண்டுக்குப் பின் திரும்பி வந்த அணி ஒரே ஓர் ஆட்டத்தோடு புனேக்குப் போனது. பிறகு கொரோனா. 2025இல்கூட ராஜஸ்தானுடனான கடைசி உள்ளூர் ஆட்டம், எல்லைப் பதற்றத்தால் லீக் நின்று மீண்டபோது, டெல்லிக்கு மாறிவிட்டது. இவற்றில் சிலவற்றுக்கு நியாயமான காரணம் இருந்தது. காவிரியைவிடக் கிரிக்கெட் பெரிதில்லை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். என் அண்ணன் அன்று தனி ரயிலில் புனேக்குப் போய் வாட்சனின் 106ஐப் பார்த்துவிட்டு வந்தான். நான் வீட்டில் இருந்தேன். புனேயில் ஆடிய ஆறு ஆட்டங்களில் மும்பையிடம் மட்டுமே தோற்று, அந்த அணி கோப்பையோடு திரும்பியது. சன்னலில் மட்டும் அந்த ஒரே ஆட்டத்துக்குப் பின் பருவம் முடியும்வரை எந்தச் சத்தமும் வரவில்லை.

பெரியமேட்டு நண்பருக்கு ஒரு கேள்வி. திருவல்லிக்கேணியிலிருந்து நேரு விளையாட்டரங்கம் அரைமணி நேரத் தூரம்கூட இல்லை. இத்தனை ஆண்டுகளில் நான் ஒருமுறையும் வந்ததில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு என் மகளை அழைத்துவர எண்ணியிருக்கிறேன், அவளுக்குப் பதினொரு வயது. ஓடுதளம் இடைஞ்சலாக இல்லாமல் ஆட்டம் தெரிய எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நல்லது? முரசுக்காரர்களுக்கு அருகில் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது என்கிறாள்.